பழைய காரில் காற்றுச் சத்தம்: எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்க முழுமையான வழிகாட்டி

ஊருக்குள் ஓட்டும்வரை ஒன்றும் தெரியாது. பைபாஸில் ஏறி முள் எழுபதைத் தாண்டியதும் காதோரம் ‘ஸ்ஸ்ஸ்’ என்று ஆரம்பிக்கும். ஒர்க்‌ஷாப்பில் கேட்டால் “பழைய வண்டி சார், அப்படித்தான் இருக்கும்” என்பார்கள். கொஞ்சம் ஆர்வமான ஆளாக இருந்தால் “நாலு கதவுக்கும் பீடிங் மாத்திடலாம்” என்பார்கள். பீடிங் என்றால் கதவைச் சுற்றி ஓடும் ரப்பர் பட்டை. மாற்றிய பிறகும் சத்தம் அப்படியே இருக்கிற வண்டிகள் நிறைய. காற்று கதவு வழியாக வந்திருந்தால்தானே பீடிங் மாற்றிப் பயன்?

இந்த வேலையில் சரிசெய்வது சின்னப் பங்கு. கண்டுபிடிப்பதில்தான் புதிதாக இறங்குகிறவர்கள் தடுமாறுகிறார்கள். கீழே உள்ள வரிசையை மாற்றாமல் செய்யுங்கள். ஒவ்வொரு படியும் அடுத்ததன் வேலையைக் குறைக்கும். நிபந்தனை ஒன்றுதான்: டேப் ஒட்டியதும் சத்தம் நிற்கிறது என்று காதால் கேட்கும்வரை எந்த சாமானும் வாங்கக் கூடாது.

1. முன்கூட்டியே எடுத்து வைக்க வேண்டியவை

இரண்டு அங்குல மாஸ்க்கிங் டேப், பெயிண்டர்கள் பயன்படுத்துகிற வகை, இரண்டு சுருள். பார்சல் ஒட்டும் பிரவுன் டேப் வேண்டவே வேண்டாம். நம் வெயிலில் அதன் பசை பாடியிலேயே தங்கிவிடும். ஏற்கெனவே ஒருமுறை டிங்கரிங் பார்த்து பெயிண்ட் அடித்த இடமாக இருந்தால், டேப்போடு பெயிண்ட்டும் உரிந்து வரும்.

கை நீளத்துக்கு ஒரு ரப்பர் டியூப் (தோட்டத்து ஹோஸ் துண்டு போதும்), டார்ச், முகத்துக்குப் போடும் பவுடர், ஸ்பிரே பாட்டிலில் சோப்புத் தண்ணீர், காகிதத் துண்டுகள், மெல்லிய டிஷ்யூ பேப்பர், மார்க்கர் பேனா, ஒரு நோட்டு.

கூடவே ஓர் ஆள். இதைத் தவிர்க்க முடியாது. ஓட்டுகிறவர் ரோட்டைப் பார்க்க வேண்டும்; டியூபைக் காதில் வைத்துக்கொண்டு தேடுவது பக்கத்து சீட்டில் இருப்பவரின் வேலை.

கிளம்பும் முன் டயர் காற்றை, கதவு ஓரத்து ஸ்டிக்கரில் போட்டிருக்கும் அளவுக்கு வையுங்கள். வண்டியைக் கழுவிக் காயவிடுங்கள், தூசி மேல் டேப் நிற்காது. டிக்கியிலும் கதவுப் பையிலும் உருளுகிற பாட்டில், குடை எல்லாவற்றையும் இறக்கிவிடுங்கள். நாலு கண்ணாடியும் கடைசிவரை மேலே ஏறுகிறதா என்று கண்ணால் பாருங்கள். பழைய பவர் விண்டோவில் கண்ணாடி ஒரு மூலையில் சற்றுச் சாய்ந்து, மேல் ரப்பருக்குள் முழுதும் போகாமல் நிற்பது சாதாரணம். சில சமயம் தேடல் இங்கேயே முடிந்துவிடும்.

2. இது காற்றுச் சத்தம்தானா?

முதலில் மற்ற மூன்றையும் கழித்துவிட வேண்டும். டயர், இன்ஜின், வீல் பேரிங்.

தார் ரோட்டிலிருந்து கான்கிரீட் ரோட்டுக்கு மாறும்போது சத்தமும் மாறினால் அது டயர். அதே வேகத்தில் ஐந்தாம் கியரிலிருந்து நாலுக்கு மாற்றுங்கள். இன்ஜின் சுற்று ஏறும். சத்தமும் கூடவே ஏறினால் அது இன்ஜின் அல்லது சைலன்ஸர் பக்கம். இதற்காக ஓடும் வண்டியில் சாவியை அணைத்துப் பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள். பிரேக்கும் ஸ்டீயரிங்கும் கனத்துப்போகும், சில வண்டிகளில் ஸ்டீயரிங் பூட்டியே கொள்ளும். செய்யாதீர்கள்.

ஆளில்லாத ரோட்டில் அறுபதில் போகும்போது ஸ்டீயரிங்கை மெதுவாக இடமும் வலமும் கொஞ்சம் திருப்புங்கள். ஒரு பக்கம் திருப்பும்போது ‘உம்ம்ம்’ கூடி, மறுபக்கம் திருப்பும்போது குறைந்தால் அது வீல் பேரிங். அப்படியென்றால் காற்றைத் தேடுவதை விட்டுவிட்டு நேராக மெக்கானிக்கிடம் போங்கள், அது தள்ளிப்போடுகிற விஷயம் இல்லை.

மூன்றும் இல்லையென்றால் காற்றுதான். உறுதிப்படுத்த ஒரு எளிய அடையாளம் உண்டு: ஒரு லாரியைத் தாண்டும்போது, அதன் பக்கவாட்டில் இருக்கிற சில நொடிகள் சத்தம் மங்கும் அல்லது தொனி மாறும், தாண்டியதும் பழையபடி ஆகும். வேகம் அதேதான், மேலே படுகிற காற்று மட்டும்தான் மாறியது.

இன்னொன்று. ஏசியில் வெளிக்காற்று எடுக்கும் நிலை போட்டிருந்தால் அந்த வழியாகவும் சத்தம் வரும். லிவரை உள்சுழற்சிக்கு மாற்றி, ஃபேனை அணைத்துவிட்டு ஒருமுறை கேளுங்கள். இனி எல்லா ஓட்டமும் இதே நிலையில்தான்.

3. ரோடு, நேரம், வேகம்

இதை அலட்சியமாக விடுகிறவர்கள்தான் அதிகம், பின்னால் குழம்புகிறவர்களும் அவர்கள்தான்.

காற்றால் எழும் சத்தத்தின் ஆற்றல், வேகத்தின் ஆறாம் அடுக்கை ஒட்டி ஏறும். அதாவது 80-லிருந்து 100-க்குப் போனால் வேகம் கால் பங்குதான் கூடுகிறது, சத்தத்தின் ஆற்றலோ கிட்டத்தட்ட நாலு மடங்காகிறது. 80-க்கும் 85-க்கும் நடுவிலேயே ஏறக்குறைய ஒன்றரை மடங்கு வித்தியாசம் வந்துவிடும். டேப் ஒட்டிய பிறகு முள்ளை 78-ல் வைத்து ஓட்டிவிட்டு “குறைஞ்சிடுச்சு” என்று சொல்வதில் அர்த்தமே இல்லை. சத்தம் தெளிவாகக் கேட்கிற, அந்த ரோட்டில் சட்டம் அனுமதிக்கிற ஒரு வேகத்தைத் தேர்ந்தெடுங்கள். பெரும்பாலும் 80 போதும். கடைசிவரை அதே வேகம்.

வெளியே அடிக்கிற காற்றும் கணக்கில் சேரும். 30 கிலோமீட்டர் வேகத்தில் எதிர்க்காற்று அடித்தால், 80-ல் போகும் வண்டிக்கு அது 110. திரும்பி வரும்போது 50. தென்மேற்குப் பருவக்காற்று மாதங்களில் ஆரல்வாய்மொழிப் பக்கம், காற்றாலைகளுக்கு நடுவே இந்தச் சோதனையைச் செய்தால் முடிவு எதுவும் நிற்காது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் மதியத்துக்கு மேல் கடல்காற்று பக்கவாட்டில் அடிக்கும். அப்போது ஒரு பக்கத்துக் கதவு மட்டும் கத்தும், வண்டியைத் திருப்பினால் மறு கதவு கத்தும். விடியற்காலை, காற்று அசையாத நேரம்தான் சரி. சென்னைக்காரர்களுக்கு வண்டலூரிலிருந்து மீஞ்சூர் போகும் வெளிவட்டச் சாலை வசதி: நேரான, ஒரே மாதிரியான தளம். ஒவ்வொரு சோதனையையும் போகும்போது ஒருமுறை, வரும்போது ஒருமுறை செய்யுங்கள்.

போனில் ரெக்கார்ட் செய்து ஒப்பிடலாம் என்று தோன்றும். பல போன்கள் சத்தம் குறைந்தால் தானாகவே அதைக் கூட்டிப் பதிவு செய்யும், அதனால் முன்னும் பின்னும் ஒன்று போலவே இருக்கும். நோட்டில் பூஜ்யம் முதல் ஐந்து வரை மார்க் போடுவது மேல். மார்க்கை ஓட்டுகிறவரும் பக்கத்தில் இருப்பவரும் ஒருவரை ஒருவர் கேட்காமல் போட வேண்டும்.

4. சத்தத்தின் குணம்

எங்கே கேட்கிறது என்பதை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். காருக்குள் கண்ணாடியும் டேஷ்போர்டும் சத்தத்தைத் திருப்பியடிப்பதால் காது எளிதில் ஏமாறும். சைடு மிரர் அடியில் பிறக்கிற சத்தம் தலைக்கு மேலிருந்து வருவது போலக் கேட்கும். எப்படிக் கேட்கிறது என்பது அதைவிட உபயோகமான தகவல்.

‘ஸ்ஸ்ஸ்’ என்று ஒரே சீராக இரைந்தால் எங்கோ ரப்பர் விட்டிருக்கிறது, காற்று கசிகிறது.

தெளிவான ஒரே சுரத்தில் விசில் என்றால் ஒரு சின்ன ஓட்டை, பள்ளம் அல்லது விளிம்பு. காலி பாட்டில் வாயில் ஊதினால் வருகிற சத்தம் எப்படிப் பிறக்கிறதோ, இதுவும் அப்படித்தான். இதற்குக் காற்று உள்ளே வர வேண்டும் என்றே அவசியமில்லை.

‘படபட’ என்று அடித்தால் ஏதோ தளர்ந்து ஆடுகிறது: விண்ட்ஷீல்டு ஓரத்து மோல்டிங், கண்ணாடிக்கு அடியில் இருக்கும் கவுல் பிளாஸ்டிக், சக்கரத்துக்கு மேலே உள்பக்கம் இருக்கும் வீல் ஆர்ச் லைனர், இன்ஜினுக்குக் கீழே உள்ள கவர். காலடியில் கேட்டால் வண்டியை ஏற்றிக் கீழே பாருங்கள். கிளிப் ஒன்று போயிருக்கும்.

பின் கண்ணாடி ஒன்றை மட்டும் இறக்கும்போது காதை அடைக்கிற ‘வும் வும்’ கோளாறு இல்லை. முன் கண்ணாடியைக் கொஞ்சம் இறக்குங்கள், போய்விடும்.

5. பிற்பாடு மாட்டியதையெல்லாம் முதலில் கழற்றுங்கள்

கம்பெனியிலிருந்து வந்தபோது வண்டியில் இல்லாத எதுவும் முதல் சந்தேகம். கழற்றுவதற்குச் செலவு இல்லை, அதனால்தான் இது டேப்புக்கு முன்னால் வருகிறது.

ரூஃப் கேரியர்தான் பெரிய குற்றவாளி. உருண்டையான கம்பியின் மேல் காற்று போகும்போது, பின்பக்கம் இடமும் வலமுமாகச் சுழல்கள் பிரியும். ஒரு நொடிக்கு எத்தனை பிரியும் என்பதற்குத் தோராயக் கணக்கு: காற்றின் வேகத்தைக் கம்பியின் விட்டத்தால் வகுத்து, அதில் ஐந்தில் ஒரு பங்கு. 80 கிலோமீட்டர் என்பது நொடிக்கு 22 மீட்டர். 25 மில்லிமீட்டர் கம்பி என்றால் நொடிக்கு 180 முறை போல. அதுதான் கூரையிலிருந்து வருகிற ‘ஊஊ’. 3 மில்லிமீட்டர் ஆன்டெனாக் கம்பிக்கு அதே கணக்கு 1500-ஐ நெருங்கும், அது விசில். ஆன்டெனாவில் சுருள் மாதிரி ஒரு கோடு ஏறிப்போவதைப் பார்த்திருப்பீர்கள். அந்தச் சுழல்கள் ஒரே தாளத்தில் பிரியாமல் கலைப்பதற்காகத்தான் அது. உடைந்த ஆன்டெனாவுக்குப் பதிலாக வழவழப்பான கம்பியை மாட்டினால் விசில் வருவதும் இதனால்தான். கேரியரைக் கழற்ற முடியாதவர்கள் கம்பியைச் சுற்றி ஒரு கயிற்றைச் சுருளாக, இடைவெளி விட்டுச் சுற்றி இறுக்கிக் கட்டினால் அதே பலன் கிடைக்கும்.

அடுத்தது கதவுக்கு மேல் ஒட்டும் டோர் வைசர். பின்முனை பசை விட்டு ஒரு நூல் அளவு தூக்கியிருந்தாலும் போதும், சத்தம் போடும். கழற்ற மனமில்லை என்றால் அதன் ஓரம் முழுவதையும் டேப்பால் மூடி ஓட்டிப் பாருங்கள். பிறகு வைப்பர் பிளேடு, மட் ஃப்ளாப், நம்பர் பிளேட் ஃபிரேம், மிரர் மேல் ஒட்டிய குரோம் கவர். நம்பர் பிளேட்டைக் கழற்றாதீர்கள், ஓரங்களை டேப்பால் ஒட்டினால் போதும்.

பொதுவாக ஒரு ஓட்டத்துக்கு ஒரு மாற்றம்தான் செய்ய வேண்டும். இங்கே அந்த விதி தளர்வு. எல்லாவற்றையும் ஒன்றாகக் கழற்றலாம். சத்தம் நின்றால் ஒவ்வொன்றாகத் திரும்ப மாட்டி, எது கத்துகிறது என்று பாருங்கள்.

6. டேப் சோதனை: மொத்தமாக ஒட்டி, கொஞ்சம் கொஞ்சமாக உரிப்பது

இதுதான் முதுகெலும்பான படி. பெரும்பாலானவர்கள் தலைகீழாகச் செய்கிறார்கள்: மிரரைச் சுற்றி ஒட்டுவார்கள், ஓட்டுவார்கள், மாற்றம் இல்லை என்று உரித்துவிடுவார்கள். பிறகு ஏ-பில்லரில் (விண்ட்ஷீல்டின் பக்கவாட்டுத் தூண்) ஒட்டுவார்கள், மாற்றம் இல்லை, உரித்துவிடுவார்கள். கடைசியில் “எங்கேயும் இல்லை” என்று கைவிடுவார்கள். பழைய வண்டியில் கசிவு இரண்டு மூன்று இடத்தில் இருப்பது சகஜம். ஒன்றை அடைத்தால் மற்றது கேட்டுக்கொண்டேதான் இருக்கும், காதுக்கு வித்தியாசமே தெரியாது. எனவே முதலில் எல்லாவற்றையும் மூடி அமைதியைக் கேட்க வேண்டும்.

சத்தம் கேட்கிற பக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பானெட் முன்விளிம்பு, விண்ட்ஷீல்டின் நாலு ஓரம், கவுல் இணைப்பு, ஏ-பில்லர், சைடு மிரரின் அடியும் அது மடங்குகிற இடுக்கும், முன் கதவைச் சுற்றிய இடைவெளி, கண்ணாடிக்கும் கதவுத் தகட்டுக்கும் நடுவே ஓடும் வெளி ரப்பர், கைப்பிடி, பின் கதவு, அதில் திறக்காமல் இருக்கும் சின்னக் கண்ணாடி. எல்லாம்.

ஒட்டும்போது எந்தத் துண்டுக்கும் காற்று வருகிற பக்கத்து முனை மூடாமல் வெளியே தெரியக் கூடாது. பின்னாலிருந்து முன்னால் ஒட்டிக்கொண்டே வாருங்கள், அப்போதுதான் முன் துண்டு பின் துண்டின் மேல் ஏறும், காற்றால் கிளப்ப முடியாது. விரல் நகத்தால் ஓரத்தை அழுத்தி விடுங்கள். பாதி கிளம்பிய டேப் தானே ‘படபட’ என்று அடித்து உங்களை வேறு பக்கம் திருப்பிவிடும். ஹெட்லைட், வைப்பர் துடைக்கிற பகுதி, மிரரின் கண்ணாடி இவற்றில் டேப் படக் கூடாது.

டிரைவர் பக்கக் கதவை, அவர் உள்ளே உட்கார்ந்து கதவைச் சாத்திய பிறகு உதவியாளர் வெளியிலிருந்து ஒட்டட்டும். பிறகு அவர் ஒட்டாத பக்கத்துக் கதவு வழியாக ஏறட்டும். மாஸ்க்கிங் டேப் ஒரு தள்ளலில் கிழியும், ஆனாலும் அவசரத்துக்கு ஒரு பக்கக் கதவுகள் டேப் இல்லாமல் இருப்பது நல்லது.

இப்போது ஓட்டுங்கள். சத்தம் அப்படியே இருந்தால் அந்தப் பக்கம் இல்லை. மறுபக்கம், அல்லது டிக்கி, அல்லது 9-ஆம் படியில் சொல்லும் கதவின் உள்பகுதி. நன்றாகக் குறைந்தால் வேலை பாதி முடிந்தது. இனி உரிப்பது. துண்டு துண்டாக உரித்தால் நாள் போய்விடும், பாதி பாதியாக உரியுங்கள். முதலில் பின் கதவும் கைப்பிடியும். சத்தம் வரவில்லையா? மீதி இருப்பதில் பாதி. வந்துவிட்டதா? கடைசியாக உரித்த பகுதிக்குள்தான் இருக்கிறது, அதை மறுபடி மூடிப் பாதியாக்குங்கள். சில ஓட்டங்களிலேயே ஒரு சாண் அளவு இடத்துக்கு வந்துவிடலாம்.

அந்த இடத்தை மார்க்கரால் டேப் மேலேயே குறித்து, போட்டோ எடுத்து வையுங்கள். உறுதி செய்ய, அந்த ஒரு சாணில் மட்டும் டேப்பை விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றையும் உரித்து ஓட்டுங்கள். அப்போதும் அமைதியாக இருந்தால் கசிவு ஒன்றுதான். இல்லையென்றால் இரண்டாவது ஒன்று இருக்கிறது.

வெயில் ஏறுவதற்குள் டேப் முழுவதையும் எடுத்துவிடுங்கள்.

7. நின்ற வண்டியில் இடத்தைத் துல்லியமாக்குவது

ஒரு சாண் இடம் கிடைத்தாயிற்று. அதில் சரியாக எங்கே என்பதற்கு ஓட்ட வேண்டியதில்லை.

கண்ணாடிகளை ஏற்றி, ஏசியை வெளிக்காற்று நிலையில் வைத்து, ஃபேனை முழு வேகத்தில் விடுங்கள். உள்சுழற்சியில் வைத்தால் இது வேலை செய்யாது. உள்ளே இருக்கும் காற்றே சுற்றுமே தவிர அழுத்தம் ஏறாது. வெளியே நின்று, ஈரக் கையைச் சந்தேகமான ஓரத்தில் நகர்த்துங்கள், குளிர்ச்சி தட்டும். சோப்புத் தண்ணீர் அடித்தால் குமிழி கிளம்பும். விண்ட்ஷீல்டு ஓரத்துக்கு இதைவிடத் தெளிவான சோதனை வீட்டில் செய்ய முடியாது.

கதவு பீடிங்குக்குக் காகிதம். ஒரு துண்டை வைத்துக் கதவைச் சாத்தி இழுங்கள். இறுக்கமாக வர வேண்டும். நாலு விரல் இடைவெளிக்கு ஒருமுறை என்று சுற்றி வந்தால், ஓர் இடத்தில் வழுக்கிக்கொண்டு வரும். முன் கதவின் மேல் மூலையில், மிரருக்குச் சற்று மேலே இது அடிக்கடி நடக்கும். பீடிங் மேல் பவுடர் தடவிக் கதவைச் சாத்தித் திறந்தால், எங்கே பவுடர் பாடியில் ஒட்டவில்லையோ அங்கே ரப்பர் தொடவில்லை.

தண்ணீர் பீய்ச்சிப் பார்ப்பதை நம்பி முடிவு செய்யாதீர்கள். தண்ணீர் உள்ளே வந்தால் கசிவு நிச்சயம். வராவிட்டால் கசிவு இல்லை என்று சொல்ல முடியாது, ஏனென்றால் தண்ணீருக்குக் கீழே இறங்க வேறு வழி வைத்திருப்பார்கள், காற்றுக்கு அந்த வழி தேவையில்லை.

8. காகிதம் இறுகுகிறது, ஆனாலும் வேகத்தில் சத்தம் வருகிறது

பலரைச் சுற்றலில் விடுவது இதுதான். வேகமாகப் போகும்போது ஏ-பில்லரைச் சுற்றித் திரும்புகிற காற்று, முன் கதவுக் கண்ணாடிக்கு வெளியே அழுத்தத்தைக் குறைக்கும். உள்ளே இருக்கும் காற்று கண்ணாடியையும் கதவின் மேல் சட்டத்தையும் வெளியே தள்ளும். புது ரப்பர் விரிந்து அந்த இடைவெளியை நிரப்பிக்கொள்ளும். பல வருஷ வெயிலில் இறுகிச் சப்பையான ரப்பரால் அது முடியாது. நின்ற வண்டியில் எல்லாம் சரியாக இருப்பது இதனால்தான்.

இதில் இன்னொரு ஏமாற்று இருக்கிறது. “கையை வைத்துப் பார்த்தேன், காற்றே வரவில்லை” என்று சொல்லி அந்த இடத்தை விட்டுவிடுவார்கள். காற்று உள்ளே வராது. உள்ளேயிருந்து வெளியே உறிஞ்சப்படுகிறது. டிஷ்யூ பேப்பரை மெல்லிய நூல் போலக் கிழித்து, ஓடும்போது பக்கத்து ஆள் பீடிங் ஓரமாகக் காட்டட்டும். கசியும் இடத்தில் அது ரப்பரை நோக்கி வளையும். ரப்பர் டியூபின் ஒரு முனையைக் காதிலும் மறு முனையை ஓரத்திலும் வைத்து நகர்த்தினால் அதே இடத்தில் இரைச்சல் திடீரென்று கூடும்.

கடைசி உறுதி: அவர் தன் பக்கக் கதவின் மேல் சட்டத்தை உள்ளே இழுத்துப் பிடிக்கட்டும். சத்தம் மாறினால் பீடிங் அல்லது கதவின் பொருத்தம், வேறில்லை. டிரைவர் பக்கக் கதவானால், அவருக்குப் பின்னால் உட்கார்ந்து கையை நீட்டிச் செய்யலாம். ஓட்டுகிறவர் செய்யக் கூடாது.

9. கதவுக்குள்ளிருந்து வருகிற காற்று

வெளியே முழுதும் டேப் ஒட்டியும் சத்தம் போகவில்லை, ஆனால் ஸ்பீக்கர் ஜாலியிலோ உள் கைப்பிடியிலோ காற்று தட்டுகிறது. அப்படியானால் ஒரு கேள்வி: இந்தக் கதவில் எப்போதாவது ஸ்பீக்கர் மாற்றியிருக்கிறீர்களா, பவர் விண்டோ வேலை பார்த்திருக்கிறீர்களா?

கதவுத் தகட்டுக்கும் உள் டிரிம்முக்கும் நடுவே ஒரு பிளாஸ்டிக் ஷீட் ஒட்டியிருக்கும். கதவின் அடியில் தண்ணீர் வடிய ஓட்டைகள் உண்டு. அவை வழியாகக் காற்று கதவுக்குள் வருவது இயல்பு. அங்கிருந்து காருக்குள் வராமல் தடுப்பது அந்த ஷீட்தான். வேலை பார்ப்பவர் அவசரத்தில் அதைக் கிழித்துவிட்டு, திரும்ப ஒட்டாமல் டிரிம்மை மூடிவிடுவார். கனமான பாலித்தீன் ஷீட்டை அளவாக வெட்டி, பியூட்டைல் டேப்பால் சுற்றிலும் ஒட்டினால் சரியாகிவிடும். ஷீட்டின் கீழ் ஓரம் பழையது எப்படி இருந்ததோ அப்படியே கதவுக்குள் போக வேண்டும், இல்லையென்றால் மழைத் தண்ணீர் கார்ப்பெட்டில் இறங்கும்.

வடிகால் ஓட்டைகளை மட்டும் சிலிக்கோன் வைத்து அடைத்துவிடாதீர்கள். சத்தம் குறையும், உண்மைதான். கதவுக்குள் தண்ணீர் நின்று, கீழ்த்தகடு துருப்பிடித்து, டிங்கருக்குக் கொடுக்கும் காசு பீடிங் விலையைத் தாண்டிவிடும்.

பின்னாலிருந்து டயர் இரைச்சலும் காற்றும் கலந்து வந்தால், பின் பம்பருக்குள் இருக்கும் காற்றுப் போக்கியின் ரப்பர் மடிப்புகளைப் பாருங்கள். கதவைச் சாத்தும்போது உள்காற்று வெளியேற வைத்த ஒருவழிக் கதவு அது. மண்ணும் தூசியும் சேர்ந்து திறந்தபடியே நின்றிருக்கும். துடைத்தால் போதும், ஒட்டி மூடக் கூடாது.

10. சரிசெய்வது, மலிவானதிலிருந்து

முதலில் ரப்பரைச் சுத்தம் செய்து சிலிக்கோன் கிரீஸ் மெல்லியதாகத் தடவுங்கள். இறுகிய ரப்பர் கொஞ்சம் இளகும். வாசலின், இன்ஜின் ஆயில், சாதா கிரீஸ் வேண்டாம். கதவு பீடிங் பெரும்பாலும் ஈபிடிஎம் ரப்பர், பெட்ரோலிய எண்ணெய் பட்டால் அது ஊதிக் கெட்டுப்போகும்.

கதவு தொங்குகிறதா என்று பாருங்கள். திறந்த கதவின் முனையைப் பிடித்து மேலே தூக்கினால் ‘கடக்’ என்று ஆடினால் கீல் தேய்ந்திருக்கிறது. அதைச் சரிசெய்யாமல் வேறு எதைச் செய்தாலும் வீண். கீல் நன்றாக இருந்து, கதவு மட்டும் சற்று வெளியே நின்றால் ஸ்டிரைக்கரை (கதவின் பூட்டு மாட்டிக்கொள்ளும், பாடியில் உள்ள கொக்கி) உள்ளே தள்ளலாம். இப்போது இருக்கும் இடத்தை மார்க்கரால் சுற்றிக் கோடு போட்ட பிறகே ஸ்குரூவைத் தளர்த்துங்கள். ஒரு மில்லிமீட்டர் நகர்த்தி, இறுக்கி, சாத்திப் பாருங்கள். கோடு போடாமல் தளர்த்தினால் ஸ்டிரைக்கர் கீழே இறங்கிவிடும், பிறகு கதவே பூட்டாது. மேல் சட்டத்தைக் கையால் வளைக்கும் வித்தையை நல்ல டிங்கருக்கு விட்டுவிடுங்கள்.

பீடிங்கின் உள்ளே குழல் போல் வெற்றிடம் இருந்தால், சப்பையான இடத்தில் மட்டும் மீன் தொட்டிக்குப் போடும் மெல்லிய காற்று டியூபைச் செருகலாம். தடித்த டியூப் போட்டால் அது கதவை வெளியே தள்ளி, பக்கத்தில் புதுக் கசிவை உண்டாக்கும்.

அதற்கும் மசியவில்லை என்றால்தான் புது பீடிங். உங்கள் மாடலுக்கு உரியதையே வாங்குங்கள். மீட்டர் கணக்கில் விற்கும் பொது பீடிங்கின் தடிமன் ஒத்துவராது. சென்னை புதுப்பேட்டையில் பழைய கதவு, கண்ணாடி, மிரர் என்று நிறையக் கிடைக்கும், தாராளமாக வாங்கலாம். பழைய பீடிங் மட்டும் வேண்டாம், உங்களுடையது காய்ந்த அதே வெயிலில்தான் அதுவும் காய்ந்திருக்கும். பொருத்தும்போது இணைப்பு கதவின் கீழ்ப்பக்கம் வரட்டும். இழுத்து நீட்டிப் பொருத்தாதீர்கள்; சில வாரத்தில் அது சுருங்கி மூலையில் இடைவெளி விடும். மூலைகளில் கொஞ்சம் தளர்வாகவே விட்டு, உள்ளங்கையால் தட்டி ஏற்றுங்கள்.

மிரர் அடியிலும் முன் முக்கோணப் பகுதியிலும் கசிந்தால், மிரரைக் கழற்றி கேஸ்கெட்டை மாற்றுவது அல்லது அதன் பின்னால் ஒரு மெல்லிய ஃபோம் துண்டு வைப்பது போதும். அம்பாசடர், பத்மினி வைத்திருப்பவர்களுக்கு அந்த இடத்தில் திருப்பித் திறக்கும் முக்கோணக் கண்ணாடி இருக்கும். அதன் ரப்பரும் பூட்டும் இரண்டும் தேயும், ரப்பரை மட்டும் மாற்றிவிட்டு நிறுத்தாதீர்கள்.

விண்ட்ஷீல்டு ஓரத்தில் சோப்புக் குமிழி வந்திருந்தால் மேலோட்டமாக சிலிக்கோன் பூசி மறைக்காதீர்கள். பழைய பசையில் விடுபட்ட இடம் அது, தண்ணீரும் அங்கே இறங்கும், தகடு உள்ளுக்குள் துருப்பிடிக்கும். கண்ணாடி பொருத்தும் கடையில் கழற்றி, பழைய பசையை வெட்டியெடுத்துப் புதிதாக ஒட்டச் சொல்லுங்கள். பசை காயும்வரை வண்டியை எடுக்கக் கூடாது என்று அவர்கள் சொல்கிற நேரத்தை மதியுங்கள்.

11. சரிசெய்த பிறகு

அதே ரோடு, அதே விடியற்காலை, அதே வேகம், ஏசி அதே நிலையில். நோட்டில் மார்க் போட்டு முதல் ஓட்டத்தோடு ஒப்பிடுங்கள். பெரிய சத்தம் போனதும் இதுவரை அதற்குள் மறைந்திருந்த ஒரு சின்னச் சத்தம் கேட்கத் தொடங்கும். செய்த வேலை தப்பு என்று அர்த்தமில்லை. அது தொந்தரவாக இருந்தால் மட்டும் 6-ஆம் படியிலிருந்து மறுபடி தொடங்குங்கள்.

புது பீடிங் போட்ட கதவு சில வாரம் இறுக்கமாகத்தான் சாத்தும். வீட்டில் எல்லோரும் புகார் சொல்வார்கள். அதற்காக உடனே ஸ்டிரைக்கரை வெளியே தள்ளிவிடாதீர்கள். ரப்பர் படிந்த பிறகு கதவு தானாக இலகுவாகும். அதற்கு முன் நகர்த்தினால், படிந்ததும் அதே இடத்தில் மறுபடி இரையத் தொடங்கும்.